பூட்டு பாத்திரம் கழுவிய காலை

அத்தியாயம் பதினேழு

போன வாரம் அந்த வீட்டில் யாருக்குமே தூக்கம் வரவில்லை. ஏன் என்று மறந்துபோனவர்களுக்கும், அந்த இதழை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூத்த மகளுக்கு வீட்டில் பூட்டு என்று பெயர். தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் துணை இயக்குநர். அலுவலக விஷயம் ஒரு சொல்கூட அவள் வாயிலிருந்து வராது. சின்ன வயதிலேயே அப்படித்தான். தம்பி உடைத்த ஜன்னலுக்காக அவள் அடி வாங்கினாளே தவிர, யார் உடைத்தது என்று சொல்லவில்லை.

அந்தத் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ரகசியம் அவனிடம் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம்கூடத் தங்காது. அவன் மனைவி பிளம்பர். ஒழுகுகிற குழாயை எப்படிச் சரிசெய்வது என்று 'குடை' ஆப்பில் வீடியோ போட்டுப் போட்டே இன்று லட்சம் பேருக்கு அவள் 'குழாயக்கா' ஆகிவிட்டாள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அந்த ஆப் வழியாகத்தான் வருகிறார்கள்.

அம்மா, தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். குரலைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடுவாள். 'ஹலோ' என்று சொல்கிற விதத்திலேயே எதிரில் இருப்பவன் கல்யாணமானவனா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்பாள். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

சிக்கல் 'குடை'யினால் வந்தது. அது வெளிநாட்டுக் கம்பெனி. புதுச் சட்டம் அவர்களிடம் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மக்களைப் பற்றிய தகவலை எங்கள் நாட்டிலேயே வை, அழிக்கச் சொன்னால் அழி, ஒருவர் என்ன பார்க்கிறார், எங்கே போகிறார் என்பதை வைத்து அவரைப் பற்றி நீயாக ஊகித்து, அவர் சம்மதம் இல்லாமல் அந்த ஊகத்தை விற்காதே, அவ்வளவுதான். கம்பெனி இழுத்தடித்தது. ஆணையம் கெடு வைத்தது. அந்தக் கெடு முடிகிற நாள்தான் இன்று. காலையில் பொது விசாரணை. 'குடை'யை மூட வேண்டுமா, விடலாமா என்று பரிந்துரை எழுதி, முத்திரை வைத்த உறையில் போட்டுக் கொடுத்திருப்பவள் நம் பூட்டு.

தம்பி மனைவி அந்த ஆப்பை வைத்துத்தான் பிழைக்கிறாள் என்பதை முதல் நாளே ஆணையத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் சொன்னது ஒன்றே ஒன்று. "உங்களை நம்புறேன். ஆனா ஒரு வார்த்தை வெளிய போனா உங்க வேலை போயிடும். கம்பெனி கோர்ட்டுக்குப் போய் மொத்த விசாரணையையும் செல்லாதுன்னு ஆக்கிடும்."

ஆகவே பூட்டு இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டாள். வீட்டில் இருக்கிறவர்கள் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

❖

விடிந்து கொஞ்ச நேரத்தில் அம்மா டீ போட எழுந்து வந்தாள். சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

பூட்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு டம்ளரை அலசி வைக்கிற கழுவல் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, அடிப்பிடித்த பால் பாத்திரத்தைக் கம்பி நாரால் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் தொடாமல் ஒரு மாதமாக மூலையில் கிடந்த எண்ணெய்ச் சட்டிகூட வெளுத்துப்போய்க் கவிழ்ந்து கிடந்தது.

"எழுந்துட்டீங்களாம்மா? உட்காருங்க, நான் டீ தர்றேன்" என்றாள் மகள்.

அம்மா பின்வாங்கிப் போய் மகனையும் மருமகளையும் எழுப்பி, துவைக்கிற மெஷின் பக்கத்தில் அவசரக் கூட்டம் கூட்டினாள்.

"போச்சுடா" என்றாள் அம்மா. "பாத்திரம் கழுவுறா."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு மெஷின்மேல் சாய்ந்தான்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. பூட்டின் வாய்தான் பூட்டு, கை பூட்டு இல்லை. அவள் மனதில் நல்ல செய்தி இருந்தால் காரணமில்லாமல் எல்லார்மேலும் எரிந்து விழுவாள். கெட்ட செய்தி இருந்தால் கனிந்துவிடுவாள். தம்பி வேலை பார்த்த பழைய கடையை மூடப்போகிறார்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்த அன்று, கேட்காமலே எல்லாருக்கும் முட்டை பொரித்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு இனி மருந்தில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப்போட்டுத் தேய்த்தாள். அம்மா அதை மறக்கவில்லை.

"அவசரப்படாதீங்க அத்தை" என்றாள் மருமகள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்."

பார்த்தார்கள். பூட்டு தன் ஸ்கூட்டர் சாவியைத் தம்பியிடம் நீட்டி, "நீ எடுத்துட்டுப் போடா, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள். அந்த ஸ்கூட்டரைத் தொட்டதற்காக அவன் வாங்கியிருக்கிற திட்டுக்கு அளவில்லை. அப்புறம் மருமகள் பக்கம் திரும்பி, "வீடியோல உன் குரல் நல்லா இருக்கு. தெளிவா சொல்றே" என்றாள்.

அவ்வளவுதான். இரங்கல் கூட்டத்தில் பேசுவதுபோல் இருந்தது மருமகளுக்கு.

பூட்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். வாசல்வரை போய்த் திரும்பி மூன்று பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு போனாள்.

"முடிஞ்சுது" என்றான் தம்பி.

❖

மருமகளுக்கு ஆப் போவதைவிட ஒரு விஷயம் பெரிய கவலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டைமாடியில் பெண்களுக்குக் குழாய் வேலை சொல்லிக்கொடுக்கிற முதல் வகுப்பை வைத்திருந்தாள். நாற்பது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் சொன்னது 'குடை'யில்தான். ஒருத்தி நம்பர்கூட அவளிடம் இல்லை.

"ஒரு லைவ் போட்டுடலாம் மேஸ்திரி" என்றான் கணவன். அவளை அவன் கூப்பிடுவதே அப்படித்தான். "எல்லார்கிட்டயும் நம்பர் வாங்கிக்கலாம். அப்படியே டாட்டாவும் சொல்லிடலாம்."

"அண்ணி பேரு வரக் கூடாது."

"நான் என்ன முட்டாளா?"

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று அவள் பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். முதல் வீடியோவில் குழாயைத் திறந்து முகமெல்லாம் தண்ணீர் அடித்ததைச் சொல்லிச் சிரித்தாள். "நாளைக்கு இந்த ஆப் இருக்குமோ, இருக்காதோ தெரியாது. ஞாயித்துக்கிழமை வர்றவங்க இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்றாள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒருவர், 'மூடமாட்டாங்க அக்கா, எல்லாம் வெறும் மிரட்டல்' என்று எழுதினார்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"மூடிடுவாங்க சார்! எங்க அக்கா ஆணையத்துலதான் பெரிய ஆபீசர். எங்களுக்குத் தெரியாதா?"

மருமகள் முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தையும் லட்சம் பேர் பார்த்தார்கள்.

நேரலையை அணைத்த கையோடு போன் அடித்தது. குழாய் ரிப்பேராக இருக்கும் என்று எடுத்தாள். ஒரு டிவி நிருபர். "வணக்கம் மேடம். 'குடை'யை மூட ஆணையம் முடிவு பண்ணிடுச்சுன்னு உங்க நாத்தனார் உங்ககிட்ட உறுதியா சொன்னாங்களா?"

"அவங்க ஒண்ணுமே சொல்லலைங்க!"

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனை வைத்தாள். திரும்ப அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருமகள் குரல் எப்படி உடைந்தது என்பதைக் கீழிருந்தே கேட்டுவிட்டாள்.

"எக்ஸ்சேஞ்ச்ல முப்பது வருஷம் இருந்தேன்டா" என்றாள் மகனைப் பார்த்து. "ஊர் உலகத்துப் பேச்செல்லாம் என் காது வழியா போச்சு. ஒரு வார்த்தை வெளிய விட்டதில்லை. நீ உங்கக்கா பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே."

"நீங்கதானம்மா கூட்டம் போட்டீங்க?"

அவன் சொன்னதும் உண்மைதான்.

பூட்டுக்குப் போன் போட்டுப் பயனில்லை. விசாரணைக்குப் போகிறவர்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். மருமகள் கைப்பையைத் தேடவில்லை. கிடைத்த பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்கடி போறே?"

"போய்ச் சொல்லப்போறேன் அத்தை. அவங்க சொல்லலைன்னு."

❖

அவசரத்தில் மாட்டியது கருவிப் பை. ஆணையத்து வாசலில் காவலர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பைப் ரெஞ்ச், இரண்டு ஸ்பானர், ஹாக்ஸா பிளேடு, ஒரு பந்து சணல் நூல்.

"இதையெல்லாம் தூக்கிட்டு எங்கம்மா போறீங்க?"

"சாட்சி சொல்லங்க."

காவலர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "நீங்க குழாயக்கா இல்ல? எங்க வீட்டு ஃப்ளஷ் டேங்க்கை உங்களைப் பார்த்துத்தான் சரிபண்ணேன். உள்ள போங்க, உள்ள போங்க. இதை நான் பத்திரமா வச்சிருக்கேன்."

மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் நின்றுகொண்டாள். முன்னால் கம்பெனியின் வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு, வெண்ணெய் போன்ற குரல்.

"... ஆகவே, மாண்புமிகு தலைவர் அவர்களே, தங்கள் அதிகாரியின் குடும்பமே முடிவை ஊருக்கு அறிவித்துவிட்டது. முத்திரை வைத்த உறைக்கு இனி என்ன மதிப்பு? இந்த விசாரணையை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பூட்டு எழுந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை."

"பிறகு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றார் வக்கீல்.

உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் தன்னை வீட்டில் எப்படிப் படிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

தலைவர், முன்னாள் நீதிபதி, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகிறது என்று ஆணையத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"மேடம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மொட்டைமாடியில் பேசிப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. "நான்தான் மேடம் அந்தக் குழாயக்கா. பொதுமக்கள் பேசலாம்னு வாசல்ல போட்டிருக்கு. நான் பேசணும்."

தலைவர் கையசைத்தார்.

"அண்ணி எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை மேடம். நாங்களாத்தான் கண்டுபிடிச்சோம்."

"எப்படி?"

"அண்ணி காலையில பாத்திரம் கழுவுனாங்க."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "பாத்திரம் கழுவினா?"

"அவங்க கழுவ மாட்டாங்க மேடம். கெட்ட சேதி இருந்தாத்தான் கழுவுவாங்க. நல்ல சேதின்னா திட்டுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு பாருங்க, அன்னிக்கு முன்னாடியே எங்களுக்கெல்லாம் முட்டை பொரிச்சுக் குடுத்தாங்க. இன்னிக்கு ஸ்கூட்டர் சாவி வேற குடுத்துட்டாங்க. என் குரல் நல்லா இருக்குன்னாங்க. சரி, ஆப்பை மூடப்போறாங்கன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். அப்படியே லைவ்ல உளறிட்டோம். அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. எங்க மேலதான். வேணும்னா எங்க ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வைங்க."

இப்போது மண்டபமே சிரித்தது. வக்கீல்கூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பூட்டு மட்டும் சிரிக்கவில்லை. தம்பி மனைவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவாரசியமான கதை" என்றார் வக்கீல், சுதாரித்துக்கொண்டு. "ஆனால் இதை நாங்கள் எப்படி நம்புவது?"

"ரொம்ப சுலபம்" என்றார் தலைவர். முத்திரை வைத்த உறையை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டிப் பிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவருடைய உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"துணை இயக்குநரின் பரிந்துரை: 'நேற்று மாலை கம்பெனி எல்லா நிபந்தனைகளையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டதால், தடை தேவையில்லை. கண்காணிப்புடன் செயலி தொடரலாம்.'" தாளைக் கீழே வைத்தார். "வக்கீல் சார், இவங்க குடும்பம் ஊருக்கெல்லாம் சொன்னது தப்பு. இவங்க வாயிலிருந்து வந்திருந்தா சரியா இல்ல வந்திருக்கும்?"

எழுதிக் கொடுத்தும் மூடிவிடுவார்களோ என்று பயந்து ரத்து கேட்ட வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இதற்குமேல் நின்று வாதாடினால், தன் கட்சிக்காரருக்குச் சாதகமான பரிந்துரையையே எதிர்த்த மாதிரி ஆகும் என்பது அவருக்கும் புரிந்தது.

மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ மூடலையா? மூடலையா மேடம்?"

"மூடலைம்மா. நீங்க போய்க் குழாயைப் பாருங்க."

அப்போதுதான் பூட்டு பேசினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. கோபமா, சிரிப்பா என்று அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"மேடம், ஒரு நிமிஷம். அவங்க ஒத்துக்கிட்டதுல கடைசியா ஒத்துக்கிட்டது ஒன்பதாம் பிரிவு. ஒருத்தரோட சின்னச் சின்னப் பழக்கத்தைப் பார்த்து, அவர் சம்மதம் இல்லாம, அவரைப் பத்தி ஊகிச்சு அதைப் பரப்பக் கூடாது. அதனால யாருக்கு என்ன நஷ்டம்னு கம்பெனி தரப்புல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குச் சரியான உதாரணம் கிடைக்கலை." தம்பி மனைவியைக் கை காட்டினாள். "இப்போ கிடைச்சிருச்சு. ஒரு பால் பாத்திரம். என் வேலையே போயிருக்கும். எங்க வீட்டுல தப்பா ஊகிச்சதுக்கு இந்தப் பொண்ணு பஸ் புடிச்சு வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறா. உங்க கம்ப்யூட்டர் தப்பா ஊகிச்சா இப்படி வருமா சார்?"

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மருமகள் வாசலில் காவலரிடம் தன் பைப் ரெஞ்சை வாங்கிக்கொண்டு, அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி பஸ் ஏறினாள்.

❖

சாயங்காலம் பூட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"யாருடா லைவ்ல என் பேரை எடுத்தது? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லை லென்ஸோட சேர்த்துத் தேய்ச்சுட்டியா? அம்மா, நீங்க என்ன மெஷின் பக்கத்துல மாநாடு நடத்தினீங்களாமே? வெட்கமா இல்லை? ஸ்கூட்டர்ல பெட்ரோலே இல்லை! யாரு ஊரைச் சுத்தினது?"

மூன்று பேரும் நிம்மதியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

திட்டி முடித்துவிட்டு அவள் மருமகள் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"முட்டை விஷயத்தைச் சொன்னே. அப்பா விஷயத்தைச் சொல்லலை."

"அது எப்படி அண்ணி சொல்வேன்? அது உங்க வீட்டு விஷயம்."

"நம்ம வீட்டு" என்றாள் பூட்டு. அவள் தோளைத் தட்டப்போய், தட்டத் தெரியாமல், சட்டையில் ஒட்டியிருந்த சணல் நூலை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாள். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாப்பிட உட்காரும்முன் மருமகள் ஒரே போடாகப் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல யாரும் அண்ணி முகத்தைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கக் கூடாது. என்ன செஞ்சாலும் கேட்கக் கூடாது. நான் மண்டபத்துல மன்னிப்புக் கேட்டவ. எனக்குத்தான் அதோட கஷ்டம் தெரியும்."

"சரி" என்றாள் அம்மா.

"சத்தியமா" என்றான் தம்பி.

சாப்பாடு அமைதியாக நடந்தது. பூட்டு இரண்டு தடவை தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். தம்பி தட்டையே பார்த்தான். அவள் போனில் ஒரு மெசேஜ் வந்து வெளிச்சம் அடித்தது. அதைப் படித்துவிட்டுக் காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே மின்கம்பியை ஆராய்ந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பூட்டு எழுந்து, எல்லார் தட்டையும் வாங்கிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

தம்பி வாயைத் திறந்தான். மருமகள் அவன் காலை மிதித்தாள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. பூட்டு ஈரக்கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"ஏன், இந்த வீட்டுல ஒருத்தருக்கும் கேட்கத் தோணலையா?"

"கேட்கக் கூடாதுன்னு சட்டம் அண்ணி."

"காலையில ஏன் கழுவினேன், இப்போ ஏன் கழுவுறேன்னு யாருக்குமே தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"உங்க சம்மதம் இல்லாம எப்படிக்கா? ஒன்பதாம் பிரிவு" என்றான் தம்பி, மிகுந்த சிரமத்துடன்.

"சம்மதம்! போதுமா? சம்மதம். கேட்டுத் தொலைங்க."

காலையிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி, கேட்கலாம் என்றதும் பயந்து உள்ளே போய்விட்டது. கடைசியில் அம்மாதான் கேட்டாள். பழைய ஆபரேட்டர் பழக்கம்.

"லைன்ல யாரும்மா?"

பூட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வயதில், கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள், இன்று ஓடவில்லை.

"அரசிதழ் அச்சகத்துல புரூஃப் பார்க்குறவர். எங்க சட்டம் அச்சுக்குப் போனப்போ பழக்கம். சனிக்கிழமை ஆபீஸ்னு சொல்லிட்டுப் போறேனே, அது ஆபீஸ் இல்லைம்மா. அவரைப் பார்க்கத்தான் போறேன். நேத்து கல்யாணம் பண்ணிக்கலாமான்னு அவர் கேட்டாரு. காலையில எழுந்ததும் சரின்னு சொல்லிட்டேன். அப்புறம் கை சும்மா இருக்க மாட்டேன்னுது. பாத்திரம்தான் கண்ணுல பட்டுச்சு."

தம்பி நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தான். மருமகள் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அம்மா மட்டும் அசையவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

"போன் போடு" என்றாள் அம்மா. "இப்பவே போடு. ஒரே ஒரு ஹலோ கேட்கிறேன். எப்படிப்பட்டவர்னு சொல்லிடுறேன்."

பூட்டு ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"அதுதான்மா இவ்வளவு நாளா சொல்லலை" என்றாள். "அவருக்குக் காது கேட்காது. பேச்சும் இல்லை. கையாலதான் பேசுவாரு. நான் அதைத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை போய்க் கத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன்னு சொல்லியிருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை என்றதும், நாற்பது பெண்கள் ரெஞ்சும் கையுமாக வந்து மாடியை நிறைக்கப்போகிற நாள் அதுதான் என்று மருமகளுக்குச் சுரீரென்றது. ஆனால் அதைச் சொல்ல இது நேரமில்லை. எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்கக் காதை வைத்தே மனிதர்களை அறிந்தவள். பூட்டும் அவளைத்தான் பார்த்தாள், மண்டபத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றியபோதுகூட அவள் கண்ணில் இல்லாத பயத்தோடு.

அம்மா எழுந்தாள். மகளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"'வாங்க'ன்னு எப்படிச் சொல்லணும்?" என்றாள். "காட்டு."